பள்ளிப் பிள்ளைகளின் இதயமும் விளையாட்டும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பெற்றோர் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், பஸ் ஸ்டாண்டு டீக்கடை என்று எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. தருமபுரிப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களும் அங்கேயும் இதே கதைதான் என்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் பார்க்க வேண்டிய இடம் வந்தால் அதை அப்படியே சொல்லிவிட்டேன்.

சின்னப் பசங்களுக்கு எதுக்கு சார் இதயத்தைப் பத்தின பேச்சு? அதெல்லாம் ஐம்பது வயசுக்கு மேல பாத்துக்கலாமே?

நெஞ்சுவலி ஐம்பதில் வரலாம். அதற்குக் காரணமான கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவரில் படியத் தொடங்குவது பள்ளி வயதில். அமெரிக்காவில் பொகலூசா என்ற ஊரில் 1970களில் ஆரம்பித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. விபத்து போன்ற காரணங்களால் இறந்துபோன சிறுவர்கள், இளைஞர்களின் ரத்தக்குழாய்களைத் திறந்து பார்த்தபோது, பலருக்கு அந்த வயதிலேயே கொழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. எடையும் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அதிகமாக இருந்தவர்களுக்குக் கோடுகளும் அதிகம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது சுமார் 53. மற்ற நாடுகளில் சுமார் 59. எட்டாவது படிக்கும் பிள்ளையின் அப்பாவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் கூட்டத்தில் சத்தம் அடங்கிவிடும். அப்புறம்தான் பிள்ளையைப் பற்றிப் பேசவே முடிகிறது.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடணும்?

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம். 2020ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. அந்த 60 நிமிடமும் கொஞ்சமாவது மூச்சு வாங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக இரைக்கும் அளவுக்கு ஓட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும் விளையாட்டும் இருக்க வேண்டும். கயிறு தாண்டுவது, கபடி, பச்சைக்குதிரை, மரம் ஏறுவது எல்லாம் இதில் சேரும்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டியதில்லை. காலையில் இருபது, பி.டி. பீரியடில் முப்பது, சாயங்காலம் தெருவில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவைத் தொடுவதில்லை என்று 2016ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. நம் ஊர் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மூச்சு வாங்கற அளவுன்னா எப்படித் தெரியும்? அதுக்கு அந்தக் கை வாட்ச் வாங்கணுமா?

வேண்டாம். விளையாடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான அளவு. நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவதற்குள் மூச்சு முட்டுகிறது என்றால் தீவிரமான அளவு. பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் வேகம் வேண்டும்.

நாடி பிடித்துப் பார்ப்பதை எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மற்ற கையின் இரண்டு விரல்களை லேசாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது. அதிலேயே துடிப்பு உண்டு, கணக்குக் குழம்பும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த வயதில் 70 முதல் 100 வரை இருக்கும். கோ-கோவில் ரெண்டு சுற்று துரத்திவிட்டு வந்து எண்ணினால் 150, 160 என்று வரும், பிள்ளைகள் கத்தி ரகளை பண்ணுவார்கள். நான் பார்ப்பது அதற்கு அடுத்து. மூன்று நிமிடம் உட்கார வைத்து மறுபடி எண்ணச் சொல்வேன். தொடர்ந்து விளையாடும் பிள்ளைக்கு அது விறுவிறுவென்று இறங்கியிருக்கும். ஜூன் மாதம் எழுதி வைத்த எண்ணையும் டிசம்பர் எண்ணையும் அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள். இதற்கு நான் மார்க் போடுவதில்லை.

எங்க பையன் தினமும் ஸ்கூலுக்கு நடந்துதான் வரான். அது பத்தாதா?

எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்தது. வத்தல்மலை, பெட்டமுகிலாளம் மாதிரி மலை ஊர்களில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பெரும்பங்கு அதிலேயே முடிந்துவிடும். சமதளத்தில் பஸ் ஸ்டாப் வரை அரை கிலோமீட்டர் அரட்டையடித்துக்கொண்டு வருவதை நடை என்று சொல்லலாம், பயிற்சி என்று சொல்ல முடியாது.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் நல்ல வாய்ப்பு. ஆனால் பல வீடுகளில் அது மாட்டுக் கொட்டகை ஓரமாக நிற்கிறது, பையன் மொபெட்டில் வந்து இறங்குகிறான். பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய ஊர்ப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான், அங்கே நான் சைக்கிளுக்கு வாதாட மாட்டேன். ஊருக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கும் மொபெட்தான் என்றால் அதற்கு நியாயம் இல்லை.

மாடு மேய்க்கறது, தண்ணி எடுக்கறது, மாந்தோப்புல வேலை, இதெல்லாம் கணக்குல வராதா?

வரும். குடம் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதும், களைக்கொத்து பிடிப்பதும் தசைக்கு நல்ல வேலை. மாடு மேய்ப்பது மாட்டைப் பொறுத்தது.

ஆனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் வருகிறது. "அவளுக்கு வீட்லயே வேலை சரியா இருக்குது சார்" என்பார்கள். அண்ணன் வாலிபால் ஆடப் போன நேரத்தில் தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். இரண்டும் உடம்புக்கு அசைவுதான் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. விளையாட்டில் சிரிப்பு உண்டு, தோழிகள் உண்டு, அடுத்த நாளும் போகவேண்டும் என்ற ஆசை உண்டு. பள்ளியை விட்டுப் போன பிறகும் உடம்பை அசைக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்வது அந்த ஆசையினால்தான்.

பத்தாவது வந்துட்டா பி.டி. பீரியடே கிடையாதாமே? படிப்பு முக்கியம் இல்லையா?

கால அட்டவணையில் இருக்கும், மைதானத்தில் இருக்காது. பாடம் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ பீரியடைக் கடன் கேட்பார்கள். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அவர்களையும் குறை சொல்ல மனசு வருவதில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நிற்கப்போவது அவர்கள்தான்.

ஆனால் ஒரு பத்தாம் வகுப்பு மாணவனின் நாளைப் பாருங்கள். காலையில் சிறப்பு வகுப்பு, பகல் முழுக்க பெஞ்சு, சாயங்காலம் மறுபடி சிறப்பு வகுப்பு, அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு, வீட்டில் டியூஷன் அல்லது செல்போன். எழுந்து நிற்பதே சாப்பாட்டுக்கும் சிறுநீர் கழிக்கவும்தான். உடலுழைப்பு இதயத்துக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளின் கவனத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உதவுகிறது என்று மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலே சொல்கிறது. நாற்பது நிமிடம் ஓடிவிட்டு வந்த வகுப்பில் தூங்குகிறவர்கள் குறைவு என்பதைக் கடைசி பீரியட் எடுக்கும் எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "போன மாசம் பத்தாம் வகுப்பு எத்தனை தடவை மைதானத்துக்கு வந்துச்சு?" என்று கேளுங்கள். நான் கேட்டால் அது ஆசிரியர்களுக்குள் சண்டை. நீங்கள் கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

லேட்டா வந்தா மைதானத்தைச் சுத்தி ஓடச் சொல்றாங்களே, அதுவும் எக்சர்சைஸ்தானே?

உடம்புக்கு ஆகும், மனசுக்கு ஆகாது. ஓடுவது தண்டனை என்று பதிந்துபோன பிள்ளை பள்ளியை விட்டு வெளியே போனதும் முதலில் நிறுத்துவது ஓடுவதைத்தான். அடிப்பதற்கு இது தேவலை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

வயசுக்கு வந்த பொண்ணு ஓடலாமா? கர்ப்பப்பை இறங்கிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க.

ஓடலாம், குதிக்கலாம், கபடியும் ஆடலாம். கர்ப்பப்பை இறங்குவதற்குக் காரணங்கள் வேறு. பல பிரசவங்கள், கஷ்டப் பிரசவம், வயது, வருஷக்கணக்கில் அதிக பாரம் தூக்குவது போன்றவை. பதின்மூன்று வயதுப் பெண் கோ-கோ ஆடுவதால் அது வராது. மாதவிலக்கு நாட்களிலும் அவளுக்கு முடிந்தால் விளையாடலாம். நடையும் லேசான ஓட்டமும் வயிற்றுவலியைக் குறைப்பதாகச் சொல்லும் பெண்கள் உண்டு. முடியவில்லை என்றால் உட்காரட்டும், காரணம் கேட்கக் கூடாது.

நிஜமான தடை வேறு இடத்தில் இருக்கிறது. துப்பட்டாவும் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு ஓட முடியாது. தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். சாயங்காலம் ஆட்டம் முடிந்தால் கடைசி டவுன் பஸ் போய்விடுகிறது. இந்த மூன்றையும் சரி செய்த பள்ளியில் பெண் பிள்ளைகளை விளையாட வரச்சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

எங்க பாப்பா கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குதுன்னு சொல்றா. ஹார்ட் பிரச்சினையா?

இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துச் சொல்வார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், டீயோடு மட்டும் வேண்டாம். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நம் ஊரில் சாப்பாட்டுக்கு முன்னும் டீ பின்னும் டீ என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஓடும்போது மயக்கம் போட்டாலோ நெஞ்சு வலித்தாலோ அது வேறு கதை. கீழே மைதானத்தில் சுருண்டு விழுவது பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

எங்க பையன் ஒல்லிக்குச்சி. அவனுக்கு எதுக்கு ஓட்டம்? இருக்கறதும் கரைஞ்சிடும்.

ஒல்லியாக இருப்பதால் இதயம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உடம்பு மெலிந்து, வயிற்றைச் சுற்றி மட்டும் கொழுப்புச் சேர்வது இந்தியர்களிடம் அதிகம். சர்க்கரை நோய் சீக்கிரம் வர அதுவும் ஒரு காரணம். ஓடவிடுங்கள், சாப்பாட்டையும் கூட்டுங்கள். ஓடுகிற பிள்ளைக்குப் பசி தானாக எடுக்கும்.

பையன் குண்டா இருக்கான். எல்லாரும் கேலி பண்றாங்கன்னு மைதானத்துக்கே வரமாட்டேங்கறான். என்ன பண்றது?

இதில் ஆசிரியர் பங்கு அதிகம். "அவுட்டானவன் வெளியே போ" என்ற ஆட்டங்களில் முதலில் வெளியே போவது இந்தப் பையன்தான். அதாவது யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவன்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறான். அவுட்டானவன் ஐந்து தோப்புக்கரணம் போட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினாலே போதும். ரெண்டு தலைவர்கள் ஆள் பொறுக்குவதையும் விட்டுவிட வேண்டும். கடைசியில் மிச்சம் நிற்பவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. குண்டு எறிதல், வட்டு எறிதல், கபடியில் பிடி ஆட்டம் என்று அவன் உடம்பு வாகுக்கு ஏற்ற இடமும் இருக்கிறது.

வீட்டில் எடையைப் பற்றி தினமும் பேசாதீர்கள். அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடாதீர்கள், வீடே மாறட்டும். ராத்திரி சாப்பிட்டதும் அப்பாவும் அவனோடு சேர்ந்து தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரலாம். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023ல் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை பக்கத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள்.

காலையில வெறும் வயித்துல பிராக்டீசுக்கு அனுப்பலாமா?

அரை மணி நேர லேசான ஓட்டம் என்றால் பரவாயில்லை. சரகப் போட்டிக்கு ஒரு மணி நேரம் பயிற்சி என்றால் ஒரு டம்ளர் ராகிக் கூழோ ரெண்டு வாழைப்பழமோ உள்ளே போகட்டும். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022ல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வந்தவுடன் அது நின்றுவிடுகிறது. காலை அசெம்பிளியில் மயங்கி விழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள்தான்.

எங்க தாத்தா எல்லாம் களி தின்னு தொண்ணூறு வயசு இருந்தாரு. அந்தக் காலத்துல ஹார்ட் அட்டாக்கே இல்லையே?

களி நல்ல சாப்பாடு, அதில் சந்தேகமே இல்லை. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ கொள்ளுக் கடைசலோ இருந்தால் அதற்கு மேல் ஒரு டயட் சார்ட் எனக்குத் தெரியாது. வீட்டில் களி கிண்டினால் பிள்ளைக்கும் ஓர் உருண்டை போடுங்கள். அவனுக்கு மட்டும் கடையில் பரோட்டா வாங்கி வராதீர்கள்.

ஆனால் தாத்தா களியைத் தின்றுவிட்டு ஏரோட்டினார், மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தார். அந்த வேலை போய்விட்டது. களி மட்டும் மிச்சம் இருந்தால் அதுவும் தொப்பையில்தான் சேரும். தொண்ணூறு வரை இருந்த தாத்தாவை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். காலராவிலும் காசநோயிலும் முப்பது நாற்பதில் போன அவருடைய அண்ணன் தம்பிகள் கணக்கில் வருவதில்லை.

ரேஷன் பாமாயில் இதயத்துக்குக் கெடுதலாமே, பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?

பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் பாமாயில் ஒன்றை மட்டுமே நம்பியிருப்பது நல்லதல்ல. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, வெளிக்கடை விலை எனக்கும் தெரியும். ஒரு நாள் அது, ஒரு நாள் கடலை எண்ணெய் என்று மாற்றுங்கள், மொத்த அளவைக் குறையுங்கள். எந்த எண்ணெயானாலும் பொரித்ததையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுதான் பெரிய கெடுதல். சாலையோர போண்டாச் சட்டியை எட்டிப் பாருங்கள், நிறமே சொல்லும்.

ஸ்கூல் வாசல் கடையில என்னென்னமோ விக்கறாங்க. எதையெல்லாம் தடுக்கணும்?

கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. புகையிலைப் பொருட்களுக்கு 100 கெஜம் எல்லை, அது தனிச் சட்டம். ரெண்டும் எவ்வளவு நடைமுறையில் இருக்கின்றன என்பதை உங்கள் பள்ளி வாசலில் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். மாங்காய்க் கீற்றில் உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்கும் பாட்டியை நான் எதிரியாக நினைக்கவில்லை, உப்பைக் குறைத்துப் போடச் சொன்னால் போதும்.

எனக்கு பயம் ரெண்டு விஷயத்தில். ஒன்று, மேட்சுக்கு முன்னால் பையன்கள் குடிக்கும் எனர்ஜி டிரிங்க். லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம், 250 மில்லி டப்பாவில் 75 மில்லிகிராம். 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைக் குடித்துவிட்டு வெயிலில் ஓடினால் இதயம் தாறுமாறாக அடிக்கலாம். இன்னொன்று, உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். அதில் புகை வராது, வாடையும் குறைவு. ஆனால் நிகோடின் உடனே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பையன் திடீரென்று அடிக்கடி எச்சில் துப்புகிறான், ஈறு வெளுத்திருக்கிறது என்றால் அடிக்காமல் உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஏப்ரல் வெயில்ல விளையாட விடலாமா?

பத்து மணிக்கு முன், நாலரை மணிக்குப் பின். நடுவில் நிழல் ஆட்டம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், கிடைத்தால் உப்புப் போட்ட நீர்மோர். தலைவலி, குமட்டல் என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

ஓடினா முட்டி வலிக்குதுங்கறான். எங்க ஊர்த் தண்ணியால இருக்குமா?

வளரும் வயதில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலிப்பது சகஜம். சில வாரம் குதிக்கும் ஆட்டங்களைக் குறைத்தால் தணியும். ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மைதான். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் பழுப்புக் கறை, முதுகும் மூட்டும் விறைப்பு என்று சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரை விட்டுவிட்டு ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறுங்கள்.

ஸ்கூலுக்கு வந்த டாக்டர் டீம், 'இதயத்துல சத்தம் கேக்குது'ன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. ஓட்டையா சார்?

பெரும்பாலும் இருக்காது. ஆரோக்கியமான பிள்ளைகள் பலருக்கு ரத்தம் பாயும்போது ஒரு மெல்லிய முணுமுணுப்புக் கேட்கும், வளர வளரப் போய்விடும். எது சாதாரணம், எது கோளாறு என்பதை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்தச் சீட்டை அலமாரியில் வைத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் கெஞ்சிக் கேட்பது.

அந்தக் குழு 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளிகளில் வருஷம் ஒருமுறை பார்க்கிறார்கள். பிறவி இதயக் கோளாறும் அவர்கள் தேடும் நோய்களில் ஒன்று. சீட்டோடு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.

தொண்டைப் புண்ணு வந்தா இதயம் கெடும்னு நர்சம்மா சொன்னாங்க. நிஜமா?

நிஜம்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாக வைத்தியம் பார்க்காமல் விட்டால், ரெண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். 5 முதல் 15 வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம். இன்றைக்கு முட்டி, நாளைக்குக் கணுக்கால், அடுத்து மணிக்கட்டு என்று வலியும் வீக்கமும் மூட்டு மூட்டாகத் தாவும். மூட்டுவலி போய்விடும், இதய வால்வில் ஏற்பட்ட சேதம் போகாமல் தங்கிவிடும். அதனால் முட்டி வலி என்றவுடன் தண்ணீரை மட்டும் சந்தேகப்படாதீர்கள். காய்ச்சலோடு சேர்ந்து தாவும் வலியென்றால் அன்றைக்கே டாக்டர்.

இந்த நோய் என்று உறுதியானால் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, பல வருஷம் போட வேண்டியிருக்கும். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்று நடுவில் நிறுத்துகிறவர்கள் அதிகம். நன்றாக இருப்பதே அந்த ஊசியால்தான்.

சின்ன வயசுல ஹார்ட் ஆபரேஷன் பண்ண பையன். பி.டி.ல தனியா உட்கார வெச்சிடறாங்க.

உட்கார வைப்பது பயத்தினால். ஓட்டை முழுதாக மூடப்பட்டு, டாக்டர் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும் பிள்ளைகள் பலரும் மற்றவர்கள் மாதிரியே விளையாடலாம். சில கோளாறுகளுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. அடுத்த முறை இதய டாக்டரிடம் போகும்போது 'என்னென்ன விளையாடலாம், எதைத் தவிர்க்கணும்' என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். 'கடினமான வேலை கூடாது' என்ற பொதுவான வரியை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'கயிறு இழுத்தல், பளு தூக்குதல் வேண்டாம், மற்றதெல்லாம் சரி' என்று இருந்தால் பையனை நாளைக்கே உள்ளே இறக்கிவிடலாம்.

விளையாடும்போதே பையன் சுருண்டு விழுந்து செத்துட்டான்னு வாட்ஸ்அப்ல வருது. எப்படி சார் தைரியமா அனுப்பறது?

அப்படி நடப்பது உண்டு. ஆனால் மிக அரிது, அரிது என்பதால்தான் செய்தியாகிறது. பெரும்பாலும் வெளியே தெரியாத ஒரு கோளாறு இருந்திருக்கும். இதயத் தசை பிறவியிலேயே தடித்துப்போவது, இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு, ரத்தக்குழாய் தப்பான இடத்தில் கிளம்புவது போன்றவை. ஓட்டம் அந்தக் கோளாறை உண்டாக்குவதில்லை, வெளியே கொண்டுவருகிறது. இந்தப் பயத்தில் நூறு பிள்ளைகளையும் உட்கார வைத்தால், முதல் பதிலில் சொன்ன ஐம்பத்து மூன்று வயதுக்கு அந்த நூறு பேரையும் தள்ளிவிடுகிறோம்.

நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அல்லது ஓடி முடித்த உடனே மயங்கி விழுந்திருக்கிறானா? ஓடும்போது நெஞ்சு வலிக்கிறதா? அவன் வயதுப் பிள்ளைகளை விட மிக அதிகமாக மூச்சு வாங்குகிறதா, இதயம் திடீரென்று காரணமில்லாமல் வேகமாக அடித்து நிற்கிறதா? உங்கள் வம்சத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் டாக்டர் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்துச் சரி என்று சொல்லும் வரை மைதானம் வேண்டாம். அசெம்பிளியில் நின்றுகொண்டே மயங்குவது பெரும்பாலும் பசியும் வெயிலும். ஓட்டத்தின் நடுவில் விழுவதை அதோடு சேர்க்கக் கூடாது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையையும் ஓடவிடாதீர்கள். சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையே வீங்கியிருக்கும், அப்போது ஓடுவது ஆபத்து.

கொரோனா ஊசி போட்டதால தான் இப்படி ஆகுதுன்னு சொல்றாங்களே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023ல் வெளியிட்டது. ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை, குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, அளவுமீறிய குடி, இறப்பதற்கு முந்தின ஒன்றிரண்டு நாளில் செய்த கடுமையான உடலுழைப்பு போன்றவை. இந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்துவிட்டு ஓடாமல் இருப்பதுதான் நல்லது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் 1500 மீட்டருக்குப் பேர் கொடுப்பது தப்பு. அதற்காகத்தான் தினமும் கொஞ்சம் என்று சொல்கிறோம்.

அப்படி ஒருத்தன் விழுந்துட்டா நாங்க என்ன பண்ணணும்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சில்லை, அல்லது விட்டு விட்டுத் திணறுகிறான் என்றால் ஒருவர் 108க்குப் பேசட்டும், இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பது, கையில் சாவி கொடுப்பது, தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடுவது எல்லாம் வீணாகப் போகிற நிமிடங்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துபோகும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே இதை நன்றாகச் செய்கிறார்கள், நாங்கள் தலையணையில் பழக்குகிறோம். விலா எலும்பு உடைந்துவிடுமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். உடையலாம். சில வாரத்தில் அது கூடிவிடும், அதற்காக அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.